ஒரு நாள் ஓட்டத்திற்கு ஒரு மாதச் சம்பளமா?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பினாங்கில் நாங்கள் நடத்திய கருத்துக்களத்தில் அன்று எடுத்துக்கொண்ட தலைப்பு, இளைஞர்களும் அவர்களுடைய செலவுகளும். கைப்பேசி, திருமண மண்டபம், வெளிநாட்டுச் சுற்றுலா என்று பேச்சு வழக்கமான பாதையில் போய்க்கொண்டிருந்தது. அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஓர் இளைஞர் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். வயது 26. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் தொழில்நுட்பராக வேலை செய்கிறவர்.

“அக்கா, ரோட்டில் வேகமாக ஓட்டினால் போலீஸ் பிடிக்கிறது. பிடிக்கவும் வேண்டும், அது சரிதான். அதற்காகத்தான் செப்பாங்கில் காசு கட்டி ஓட்டலாம் என்று பார்த்தேன். அதற்கு வீட்டில் ஊதாரி என்கிறார்கள். அப்படியென்றால் நான் எங்கேதான் ஓட்டுவது?” என்று கேட்டார்.

அரங்கில் கைதட்டல் எழுந்தது. அது அடங்குவதற்குள் அவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மையார் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். “வீட்டில் என்று சொன்னானே, அது நான்தான். இவன் அம்மா. பிறையிலிருந்து வந்திருக்கிறோம்” என்றார். கைதட்டல் சிரிப்பாக மாறியது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. “போன வருடம் நடுராத்திரியில் இவனைச் சாலைத் தடுப்பில் பிடித்து சம்மன் கொடுத்தார்கள். நான்தான் போய்க் கட்டினேன். இப்போது ஒரு நாளைக்கு இரண்டாயிரம் வெள்ளி செலவு செய்து காரை ஓட்டப் போகிறேன் என்கிறான். இவன் தங்கைக்கு அடுத்த தவணைக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். அந்த இரண்டாயிரம் என் பிள்ளையைக் காப்பாற்றும் என்றால் நானே நகையை வைத்துக் கொடுப்பேன். காப்பாற்றுமா? இல்லை, இன்னும் பைத்தியம் முற்றுமா? அதைச் சொல்லுங்கள்” என்றார்.

அன்று நேரம் போதவில்லை. இரண்டு நிமிடத்தில் ஏதோ சொல்லி முடித்தேன். அது எனக்கே நிறைவாக இல்லை. அதனால் அடுத்த நிகழ்ச்சியில் இதற்கென்றே தனியாகப் பேசினேன். அதைத்தான் இங்கே எழுத்தில் தருகிறேன். முன்கூட்டியே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நானும் ஒருமுறை செப்பாங்கில் என் சொந்தக் காரை ஓட்டியிருக்கிறேன். அந்த ஆசை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அந்த நாள் எனக்கு எப்படி முடிந்தது என்பதையும் சொல்கிறேன்.

டிராக் டே என்றால் என்ன?

பலர் இதைக் கார்ப் பந்தயம் என்றே நினைக்கிறார்கள். இது பந்தயம் அல்ல. முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது. பந்தயத் தடத்தை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்து, கட்டணம் கட்டியவர்களைத் தங்கள் கார்களில் ஓட்ட விடுகிற ஏற்பாடுதான் டிராக் டே. காலையில் விளக்கக் கூட்டம் நடக்கும். அதில் கொடிகளைச் சொல்லித் தருவார்கள். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாகத் திரும்பி வா. நீலம் என்றால் பின்னால் உன்னைவிட வேகமான கார் வருகிறது. கட்டம் போட்ட கொடி என்றால் நேரம் முடிந்தது. பிறகு, புதியவர்கள் ஒரு குழு, பழகியவர்கள் ஒரு குழு என்று பிரித்து, குழுவுக்கு இருபது நிமிடம் என்ற கணக்கில் மாற்றி மாற்றி விடுவார்கள். தலைக்கவசம் கட்டாயம். “எது நடந்தாலும் என் பொறுப்பு” என்று ஒரு பாரத்தில் கையெழுத்தும் போட வேண்டும்.

செப்பாங்கைப் பற்றி நம்மவர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. 1999-இல் திறக்கப்பட்ட தடம். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். 1999 முதல் 2017 வரை பார்முலா ஒன் பந்தயம் இங்கே நடந்தது. 2001-இல் நம் நாட்டு அலெக்ஸ் யூங் அந்தப் பந்தயத்துக்குள் நுழைந்தார். 2005-இல் கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன், பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெயரைப் பெற்றார். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அண்மையில் இந்த ஆசையைத் தூண்டியவர் என்றால் அது நடிகர் அஜித்குமார்தான். 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது, இங்கே எத்தனை பேர் அந்தப் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டார்கள்!

அதே பந்தயத்துக்கு முந்திய பயிற்சியில் அவருடைய கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அந்தக் காணொளியையும் நாம் பார்த்தோம். அவர் காயமின்றி இறங்கி வந்தார். ஏன் வர முடிந்தது? அந்தக் காருக்குள் இரும்புக் கூண்டு இருக்கிறது. உடம்பை இருக்கையோடு இறுக்கிப் பிடிக்கும் பந்தயப் பட்டை இருக்கிறது. தீப்பிடிக்காத உடை, கழுத்தைக் காக்கும் கருவி, ஓர் அணி, மாற்றுக் கார் எல்லாம் இருக்கின்றன. நாம் கொண்டுபோகும் மைவியிலோ சாகாவிலோ இவை எதுவும் கிடையாது. ஒரே தடம், ஒரே வளைவு என்றாலும் அவர் செய்வதும் நாம் செய்வதும் ஒன்றல்ல என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

பில்லை முழுதாகப் போடுவோம்

அந்த இளைஞர் தன் கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் வாங்கிப் பார்த்தேன். நுழைவுக் கட்டணம் 700 வெள்ளி. புது பிரேக் பேட், பிரேக் எண்ணெய், மாற்றும் கூலி 480. பினாங்கிலிருந்து செப்பாங்கிற்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். போக வர பெட்ரோலும் டோலும் 260. தடத்தில் எரியும் பெட்ரோல் 120. இரவு தங்கல், சாப்பாடு 180. கூட்டினால் 1,740 வெள்ளி.

ஒழுங்கான கணக்குதான். ஆனால் டயரை மறந்துவிட்டார். சாலையில் இரண்டு மூன்று வருடம் உழைக்கிற டயர், தடத்தில் ஓரம் ஓரமாகத் தேய்ந்துவிடும். நான்கு டயர் 1,200 வெள்ளி, அது நான்கு டிராக் டே தாங்கும் என்று வைத்தால்கூட ஒரு நாளின் பங்கு 300. ஆக மொத்தம் 2,040 வெள்ளி. நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதைவிட அதிகம் இது. அம்மையார் மனக்கணக்காகச் சொன்ன இரண்டாயிரம் சரியாகத்தான் இருந்தது!

இந்தப் பணத்துக்கு எவ்வளவு நேரம் ஓட்டக் கிடைக்கும்? இருபது நிமிடமாக நான்கு முறை என்றால் 80 நிமிடம். அதில் டயர் சூடேறும் முதல் சுற்று, காரை ஆற விடும் கடைசிச் சுற்று, யாராவது வழுக்கிப் போய் சிவப்புக் கொடி காட்டப்படும் நேரம் எல்லாவற்றையும் கழித்தால் உருப்படியாக ஒரு மணி நேரம். சாதாரண காரில் புதியவர் ஒரு சுற்று வர மூன்று நிமிடம் ஆகும் என்று வைப்போம். இருபது சுற்று. ஒரு சுற்றுக்கு 102 வெள்ளி. நிமிடத்துக்கு 34 வெள்ளி.

இந்த எண்களை வைத்து யாரையும் பயமுறுத்த நான் விரும்பவில்லை. ஒரு திருமண விருந்தில் ஒரு மேசைக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். செலவு பெரியதா சிறியதா என்பதை, அந்தக் காசுக்கு நாம் என்ன வாங்குகிறோம் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். ஆனால் அந்தக் கேள்விக்குப் போகுமுன், பில்லில் எழுதப்படாத ஒரு தொகையையும் பார்க்க வேண்டும்.

பில்லில் இல்லாத தொகை

அதுதான் உங்கள் காரின் முழு விலை.

நாம் வருடா வருடம் எடுக்கும் மோட்டார் காப்புறுதிப் பத்திரத்தை எத்தனை பேர் முழுதாகப் படித்திருக்கிறோம்? விதிவிலக்குகள் என்ற பகுதியில் பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குக் காரைப் பயன்படுத்தினால் இழப்பீடு இல்லை என்று வழக்கமாக எழுதியிருக்கும். “இது பந்தயம் இல்லை, பயிற்சிதான்” என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். காப்புறுதி நிறுவனம் அதை ஒப்புக்கொள்ளும் என்று நம்பிப் போகக்கூடாது. போகுமுன் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தை உதவாது. தடுப்பு வேலியை இடித்துச் சேதமாக்கினால் அதற்கும் நீங்களே பணம் கட்ட வேண்டும் என்று அந்தப் பாரத்தில் இருக்கலாம். கையெழுத்துப் போடுமுன் அதையும் பாருங்கள்.

இங்கே நம்மில் பலருக்கும் ஒரு சிக்கல் உண்டு. நம் நாட்டில் கார்க் கடனை ஒன்பது வருடம் வரை இழுத்துக் கட்டலாம். கடன் முடியும்வரை அந்தக் காரின் மேல் வங்கிக்கு உரிமை இருக்கிறது. தடத்தில் கார் நொறுங்கிப் போனாலும் மாதா மாதம் தவணை வந்துகொண்டுதான் இருக்கும். காப்புறுதியும் கை கொடுக்காது. ஓட்டக் கார் இல்லாமல் கார்த் தவணை கட்டுகிற நிலை வரும். அந்த இளைஞரிடம் கேட்டேன். இன்னும் ஐந்து வருடத் தவணை பாக்கி என்றார். அதே காரில்தான் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார், தங்கையைக் கல்லூரியில் விடுகிறார்.

ஆகவே, இந்த விஷயத்தில் முதல் கேள்வி 2,040 வெள்ளி இருக்கிறதா என்பது அல்ல. “இந்தக் கார் இன்று முழுதாகப் போனால், நாளைக் காலையில் என் வீடு நடக்குமா?” என்பதுதான். இதற்கு இல்லை என்று பதில் வந்தால், அந்தக் காரோடு தடத்துக்குப் போகக்கூடாது. கட்டணம் இலவசமாகக் கிடைத்தாலும் போகக்கூடாது.

அங்கே என்னதான் கிடைக்கிறது?

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். இதில் உண்மையான பயன் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது பிரேக்கைப் பற்றிய பாடம்.

எனக்கு அன்று இரண்டாவது முறை ஓட்டம். முதல் முறை நன்றாகப் போனதால் தைரியம் வந்துவிட்டது. நீண்ட நேர்ப்பாதையின் முடிவில், கடைசி வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். கால் அப்படியே உள்ளே போனது. மெத்தையை மிதித்த மாதிரி இருந்தது. மீண்டும் மீண்டும் மிதித்து, கியரைக் குறைத்து, தடத்தை விட்டு வெளியே ஓடி, வெற்றிடத்தில் போய் நின்றேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கை நடுக்கம் நிற்க மட்டும் வெகு நேரம் ஆனது. அன்று அதற்குப் பிறகு நான் ஓட்டவில்லை.

வீடு திரும்பியதும் ஜெலுத்தோங்கில் எனக்குத் தெரிந்த பட்டறை அண்ணனிடம் காட்டினேன். பிரேக் எண்ணெயை ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக் காட்டினார். கறுத்திருந்தது. “தங்கச்சி, கடைசியாக எப்போது மாற்றினாய்?” என்றார். மூன்று வருடம் ஆகியிருந்தது. குற்றம் முழுக்க என்னுடையது.

அதன் காரணத்தை அவர் விளக்கினார். பிறகு நானும் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஓடுகிற காரை நிறுத்துவது என்றால் அதன் வேகத்தைச் சூடாக மாற்றுவது. வேகம் இரண்டு மடங்கானால் அந்தச் சக்தி நான்கு மடங்காகிறது. ஒரு டன் எடையுள்ள கார் 160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70-க்கு இறங்கும்போது, ஏறத்தாழ இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு சூடு சில விநாடிகளில் பிரேக்கில் இறங்குகிறது. ஒரு கெத்தலில் அதைக் கொதிக்க வைக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். தடத்தில் ஒரே சுற்றில் இப்படிப் பல வளைவுகள் உண்டு. பிரேக் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். எண்ணெயை அழுத்தினால் அது சுருங்காது; அதனால்தான் நம் காலின் அழுத்தம் சக்கரத்தைப் போய்ச் சேர்கிறது. ஆவி சுருங்கிவிடும். நாம் மிதிப்பது குமிழியைத்தான், பிரேக்கை அல்ல.

இது செப்பாங்குக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. பாலிக் புலாவ் மலைச்சாலையில் குடும்பத்தோடு இறங்கும்போது, கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வருகிறவர்கள் எத்தனை பேர்! பழைய எண்ணெயோடு, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு அப்படி இறங்கினால் அதே மெத்தை மிதி அங்கேயும் வரலாம். தடத்தில் எனக்கு வெற்றிடம் இருந்தது. மலைச்சாலையில் இருப்பது பள்ளம்.

இரண்டாவது பாடம் டயரைப் பற்றியது. அன்று எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பயிற்றுநர் சொன்ன விளக்கம் இன்றும் நினைவில் இருக்கிறது. டயரின் பிடிப்பு ஒரு மாதச் சம்பளம் போன்றது. முழுச் சம்பளத்தையும் பிரேக் போடுவதில் செலவழித்துவிட்டால், திரும்புவதற்குக் கையில் காசு இருக்காது. பாதிப் பாதியாகப் பிரிக்கலாம், ஆனால் மொத்தம் அவ்வளவுதான். அதனால்தான் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு திருப்ப வேண்டும். மழை பெய்தால் சம்பளமே குறைந்துவிடும். இதை வாயால் சொன்னால் பத்து நிமிடத்தில் மறந்துவிடும். ஒருமுறை கார் வழுக்குவதை இடுப்பில் உணர்ந்தவர் மறக்க மாட்டார்.

மூன்றாவது, பார்வை. புதியவர்கள் எல்லாரும் முன்னால் போகும் காரின் பின்பக்கத்தையே பார்த்து ஓட்டுவார்கள். வளைவின் முடிவைப் பார், உன் கை தானாக அங்கே போகும் என்று பயிற்றுநர் சொல்லிக்கொண்டே இருந்தார். 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 30 மீட்டர் ஓடிவிடுகிறோம். எங்கே பார்ப்பது என்பது உயிர்ப் பிரச்சினை.

கவனியுங்கள். இந்த மூன்றில் இரண்டை எனக்குக் கற்றுத் தந்தவர் பயிற்றுநர். அவர் இல்லாமல் தனியாக ஓட்டியிருந்தால், என் தவறுகளையே இருபது சுற்று பழகிவிட்டு வந்திருப்பேன். புதியவர்கள் கூடுதல் குதிரைத்திறன், சத்தமான புகைபோக்கி, அகலமான சக்கரம் என்று செலவழித்துவிட்டு, பயிற்றுநர் கட்டணத்தில் மிச்சம் பிடிக்கிறார்கள். அது பாடப் புத்தகத்தை விட்டுவிட்டுப் பள்ளிப் பையை மட்டும் வாங்குவது போன்றது.

அங்கே ஓட்டினால் இங்கே ஓட்ட மாட்டானா?

இனி அந்தத் தாயின் கேள்வி. தடத்தில் ஓட்டுகிறவன் சாலையில் வேகத்தை விட்டுவிடுவானா?

நான் கேட்டவர்களில் இரண்டு வகையினர் இருந்தார்கள். ஒரு வகையினர், “தடத்தில் ஓட்டிய பிறகு ரோட்டில் வேகமாக ஓட்டவே மனம் வரவில்லை, எவ்வளவு ஆபத்து என்று புரிந்துவிட்டது” என்கிறார்கள். மற்ற வகையினர், “எனக்குத்தான் ஓட்டத் தெரியுமே” என்று நெடுஞ்சாலையில் இன்னும் அழுத்துகிறார்கள். தடம் யாரையும் தானாகத் திருத்திவிடாது. வந்தவர் கற்றுக்கொள்ள வந்தாரா, காட்டிக்கொள்ள வந்தாரா என்பதைப் பொறுத்தே பயன்.

தடத்தில் எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். எதிரே லோரி வராது. சந்திலிருந்து மோட்டார் சைக்கிள் பாயாது. காய்கறிப் பையோடு பாட்டி சாலையைக் கடக்க மாட்டார். தவறினால் ஓடிப்போய் நிற்க இடம் உண்டு, மருத்துவ வண்டியும் காத்திருக்கும். நம் பினாங்குப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல். 2019 ஜனவரியில் பாலத்தில் இரண்டு வாகனங்கள் மோதி, ஒன்று தடுப்பைத் தாண்டிக் கடலில் விழுந்ததையும், அதன் ஓட்டுநர் உயிரிழந்ததையும் இந்த ஊர் மறக்கவில்லை. தடத்தில் கற்ற திறமை எதுவும் கடலை வெற்றிடமாக மாற்றிவிடாது. பொதுச் சாலையில் போட்டி ஓட்டத்தை 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடை செய்வதும் இதனால்தான்.

ஆகவே, “தடத்துக்கு விடாவிட்டால் ரோட்டில் ஓட்டுவேன்” என்று ஒரு பிள்ளை சொன்னால், அது காரணம் அல்ல, மிரட்டல். அதற்குப் பெற்றோர் பணியக்கூடாது. “ரோட்டில் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன், ஒழுங்காகக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறேன்” என்று சொன்னால், அந்த ஆசையைக் கேலி செய்யவும் கூடாது. கால்பந்து ஆடுகிற பிள்ளைக்கு பூட்ஸ் வாங்கித் தருகிறோம். இதுவும் ஒரு விளையாட்டுதான். விலைதான் அதிகம்.

படிப்படியாக ஏறலாம்

செலவைக் குறைக்க வழி இருக்கிறது. முதல் படி, சும்மா போய்ப் பார்ப்பது. ஒரு நாள் முழுக்க நின்று பார்த்தால், எத்தனை கார்கள் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கின்றன என்பதையும் பார்க்கலாம். பந்தயங்களில் கொடி காட்டும் மார்ஷல் வேலைக்குத் தொண்டூழியர்களைச் சேர்ப்பதும் உண்டு. வளைவின் ஓரத்திலேயே நின்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் ஏது?

இரண்டாவது படி, கோ-கார்ட். வேடிக்கை விளையாட்டு என்று நினைக்காதீர்கள். நரேன் கார்த்திகேயன் காலத்திலிருந்து இன்றுவரை பார்முலா ஒன் ஓட்டுநர்களில் பெரும்பாலோர் கார்ட்டில் தொடங்கியவர்கள்தான். பாதை தேர்ந்தெடுப்பது, பார்வை, பிடிப்பு, மூன்றும் அங்கே கிடைக்கும். வண்டி அவர்களுடையது. டயர் தேய்வதைப் பற்றியும் தவணையைப் பற்றியும் நமக்குக் கவலையில்லை.

மூன்றாவது படி, பயிற்றுநரோடு கூடிய வகுப்பு. இவற்றையெல்லாம் தாண்டிய பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால், அப்போது டிராக் டேயைப் பற்றி யோசிக்கலாம். காரில் வேறு எதையும் மாற்ற வேண்டாம். புது பிரேக் எண்ணெய், நல்ல பேட், ஒழுங்கான டயர், அளவான தலைக்கவசம் போதும்.

தமிழ்நாட்டிலும் இந்த ஆசை வளர்ந்த கதை அப்படித்தான். சென்னைக்கு அருகே சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் தொடங்கிய பந்தயம், 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடமாக வளர்ந்தது. கோயம்புத்தூரில் 2003-இல் காரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. கற்றுக்கொள்ள இடம் அமைந்த பிறகே அங்கிருந்து ஓட்டுநர்கள் வரிசையாக வந்தார்கள்.

முடிவெடுக்கும் முன் உங்களை நீங்களே நான்கு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, கார் முழுதாகப் போனால் வீடு நடக்குமா? இரண்டு, இந்தப் பணத்துக்கு முன்னால் வரிசையில் நிற்கும் செலவு வேறு ஏதும் உண்டா? மூன்று, நான் வாங்கப் போவது பாடமா, படமா? நான்கு, சாலையில் நான் இப்போது ஒழுங்காக ஓட்டுகிறேனா? நான்குக்கும் நேர்மையான நல்ல பதில் இருந்தால், 2,040 வெள்ளி வீண் செலவு அல்ல, தாராளமாகப் போய்வாருங்கள். ஒன்றுக்குப் பதில் தடுமாறினாலும், பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். செப்பாங் எங்கேயும் ஓடிப்போகாது.

இதையெல்லாம் பேசி முடித்த சில வாரங்களில் அந்த இளைஞரே தொலைபேசியில் அழைத்தார். முதல் கேள்வியிலேயே தான் தோற்றுவிட்டதாகச் சொன்னார். தவணையில் இருக்கும் காரைத் தடத்துக்குக் கொண்டுபோவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். தங்கையின் கட்டணம் கட்டிய பிறகு மாதம் 150 வெள்ளி தனியாக எடுத்து வைக்கிறார். பதினான்கு மாதத்தில் ஒரு நாள் செலவு சேர்ந்துவிடும். அதற்குள் நண்பர்கள் மூவர் சேர்ந்து கடன் இல்லாத ஒரு பழைய சாகாவை வாங்கி, பட்டறையில் காட்டிச் சரிபார்த்து, அதைத் தடத்துக்கென்றே வைத்துக்கொள்ளத் திட்டம். அதுவரை கோ-கார்ட். முதல் நாள் அம்மாவையும் அழைத்துப் போயிருக்கிறார்.

தொலைபேசியை அம்மா வாங்கினார். “அங்கே ஒரு பையன் கொடியைக் காட்டினான் மா. எல்லா வண்டியும் வேகத்தைக் குறைத்தது. இவனும் குறைத்தான். நான் வீட்டில் பத்துத் தடவை சொன்னாலும் கேட்காதவன், ஒரு துணியைப் பார்த்து நிற்கிறான்” என்றார். பிறகு சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “அந்தப் பழக்கம் ரோட்டிலும் வந்தால் போதும். காசு போனால் போகட்டும்” என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஊதாரி என்று பேச்சை முடித்துவிடாதீர்கள். ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். கணக்கை இருவரும் சேர்ந்து போடுங்கள். டயரை மறந்துவிட வேண்டாம்.

மீண்டும் அடுத்த வாரம் வேறொரு தலைப்பில் சந்திப்போம்.